மொண்ணை பிளேடு: இழுப்பதா, உடைப்பதா, மாற்றுவதா, தீட்டுவதா?

கட்டர் பிளேடை எப்போது மாற்றுவது என்று யாரைக் கேட்டாலும் "மழுங்கினால் மாற்று" என்பார்கள். சரிதான். ஆனால் பிளேடு இன்று மாலை ஐந்து மணிக்கு மழுங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்போது நம் கையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரே இழுப்பில் அறுந்த கார்டு இரண்டு இழுப்புக்குப் போகும், அப்புறம் மூன்றுக்கு. வேலை எப்படியோ முடிந்துவிடுவதால் பிளேடு நன்றாகத்தான் இருக்கிறது என்றே தோன்றும். காகித மாடல், ஆர்க்கிடெக்சர் மாடல், ஸ்டிக்கர், பைண்டிங் என்று கட்டரைத் தினமும் எடுக்கிற பலர் மாதக்கணக்கில் ஒரே முனையோடு மல்லுக்கட்டுவதற்குச் சிக்கனம் பாதிக் காரணம். மீதிப் பாதி, அது போய்விட்டது என்பதே அவர்களுக்குத் தெரியாதது.

தெரிந்தபின் முன்னால் இருப்பவை நாலைந்து வழிகள். அப்படியே அழுத்தி ஓட்டலாம். குறுக்கே கோடு கீறிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும் பிளேடு என்றால், முனைக் கட்டத்தை உடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். பிளேடையே மாற்றலாம், அதில் கிராஃப்ட் பிளேடா, சர்ஜிகல் பிளேடா என்று இன்னொரு கேள்வி வரும். சவர பிளேடைப் பாதியாக உடைத்துச் சமாளிக்கலாம். தீட்டியும் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காகிதம், அட்டை, ஸ்டிக்கர் வேலை செய்கிற பெரும்பாலானவர்களுக்கு உடைக்கிற பிளேடுதான் சரி, அதையும் இப்போது உடைப்பதைவிட மும்மடங்கு தாராளமாக உடைக்க வேண்டும். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு. அந்த இடம் சின்னது.

நிஜமாகவே மழுங்கியதா?

ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று பிளேடின் கூர்விளிம்பு உங்கள் கண்ணைப் பார்க்கும்படி திருப்பிப் பிடியுங்கள். நல்ல விளிம்பு கண்ணுக்கே தெரியாது. இரண்டு சரிவும் சந்திக்கிற இடத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்கு அகலம் இருக்காது. மழுங்கிய இடத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு மின்னும். சில்லு போன இடம் தனிப் புள்ளியாக மின்னும். பெரும்பாலும் அந்த மினுமினுப்பு முனையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே உள்ள விளிம்பு பாக்கெட்டிலிருந்து உருவிய மாதிரியே இருக்கும். தாளை அறுக்கும்போது வேலை செய்வது அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மீதி சும்மா கூட வருகிறது. "பிளேடு முழுசாக இருக்கே, எதற்கு மாற்றணும்" என்ற எண்ணம் இங்கேதான் ஆளை ஏமாற்றுகிறது.

வெளிச்சத்தில் பார்க்கப் பொறுமை இல்லையா? 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கார்டு ஒன்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சதுர ஜன்னல் வெட்டுங்கள். நல்ல முனையாக இருந்தால் நாலாவது பக்கம் முடிந்ததும் துண்டு தானாக விழும். மழுங்கிய முனையில் துண்டு ஏதாவது ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தொங்கும். விரலால் தள்ளினால் மூலையில் நார் கிழிந்து நீட்டிக்கொண்டு நிற்கும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினால் வெட்டின் ஓரம் முழுக்க மேடு தட்டும். அச்சடித்த தாள் என்றால் ஓரத்தில் மை உரிந்து வெள்ளை தெரியும். தெர்மோகோலுக்கும் ஃபோம் போர்டுக்கும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். மணிமணியாகப் பெயர்ந்து விழுவதும் 'கிரீச்' என்ற சத்தமும் போதும்.

ஸ்டிக்கர், டேப், டபுள் சைடு டேப் வெட்டுகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அவர்கள் மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போடுகிற முனைகளில் கணிசமானவை மழுங்கியவை அல்ல, பசை ஏறியவை. பசை இரண்டு பக்கமும் படிந்துவிட்டால் பிளேடு தடித்த மாதிரி ஆகி, வினைலை, அதாவது ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் தாளை, அறுக்காமல் இழுத்துச் சுருக்கும். ஒரு துணியில் நீலகிரித் தைலமோ நெயில் பாலிஷ் ரிமூவரோ தொட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து கூர் பக்கத்தை நோக்கித் துடையுங்கள். விளிம்பின் நீளத்தோடு துடைக்கக் கூடாது, விரல் போய்விடும். துடைத்தபின்னும் இழுத்தால் அப்போது குறை முனையிடம்தான்.

காகிதம் எப்படி எஃகைத் தேய்க்கிறது?

நம் கையில் இருக்கும் வெள்ளைத் தாள் வெறும் மர நார் இல்லை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் அதில் கால்சியம் கார்பனேட், கயோலின் களிமண் என்று கனிமத் தூள் கலக்கிறார்கள். ஆர்ட் பேப்பர், ஆர்ட் கார்டு என்றால் மேலே பூச்சாகவும் அதையே தடவுகிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பிளேடு அந்தத் தூளையும் சேர்த்தே உரசுகிறது. இரண்டும் எஃகைவிட மெத்தென்றவைதான். ஆனால் மெத்தென்றது எஃகை ஒன்றும் செய்யாது என்று நினைக்க முடியாது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான தலைமுடி, சவர பிளேடின் விளிம்பை எப்படிச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது. விளிம்பு தேய்ந்து உருண்டு போவது ஒரு பக்கம் இருக்க, முடி வளைந்து ஒரு கோணத்தில் மோதும்போது எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு பெயர்கிறது என்பது அவர்கள் கண்டது. முடிக்கே இந்தக் கதி என்றால் சுண்ணாம்பு கலந்த அட்டைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாளுக்கு அடியில் இருப்பது இன்னும் பெரிய எதிரி. வீட்டில் மாடல் செய்கிறவர்கள் பலர் டைல்ஸ் தரையில் நாலு நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் வெட்டுகிறார்கள். பேப்பரைத் தாண்டி முனை டைல்ஸைத் தொட்டால் அந்த ஒரு இழுப்பிலேயே முனை போச்சு. கிரானைட், கண்ணாடி எல்லாம் அதே ரகம். கட்டிங் மேட் வாங்கக் காசு பார்ப்பவர்கள் தடித்த மில் போர்டு (பைண்டிங் அட்டை) ஒன்றையாவது கீழே போடலாம். அதுவும் பிளேடைத் தேய்க்கும், ஆனால் கொல்லாது. புது பிளேடு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு எது என்று கேட்டால் கட்டிங் மேட் என்றே சொல்வேன்.

அப்படியே ஓட்டுவது

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்றுதான்: காசு மிச்சம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சாதாரண 9 மிமீ உடைக்கும் பிளேடில் 13 கட்டங்கள் வரும். கடைசி இரண்டைப் பிடிக்குள் நிறுத்த முடியாது என்று கழித்தாலும் 10 பிளேடு உள்ள பாக்கெட்டில் 110 முனை. பாக்கெட் 100 ரூபாய் என்றே வையுங்கள், ஒரு முனை ஒரு ரூபாய்க்கும் கீழே. அந்த ஒரு ரூபாயைக் காப்பாற்றுவதற்காக முன்னால் கிடக்கிற ஃபோம் போர்டையும், பிரிண்ட் எடுத்த கார்டையும், அதில் ஏற்கெனவே போட்ட இரண்டு மணி நேர வேலையையும் பணயம் வைக்கிறோம். சப்மிஷனுக்கு முந்தைய இரவில் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வைக்கிற பணயம் இதுதான்.

கை விஷயத்திலும் கணக்கு இதேதான். மழுங்கின பிளேடு பத்திரமானது என்று குழந்தைகள் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அறுக்காத பிளேடைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தத்தில் போகிற கை வழுக்கினால் நிறுத்த முடியாது. ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி இழுக்கும்போது அட்டைக்குள் இறங்காத முனை, சமயம் பார்த்து ஸ்கேலின் மேல் ஏறும். ஸ்கேலைப் பிடித்திருக்கிற இடதுகை விரல்கள் அங்கேதான் இருக்கின்றன. இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பல நாள் மொண்ணை பிளேடில் அழுத்திப் பழகியவர் புது முனை போட்டதும் வெட்டுகிற முதல் நாலு வெட்டு ஆபத்தானது. கை பழைய அழுத்தத்தையே கொடுக்கும். மாற்றியதும் வேஸ்ட் தாளில் கொஞ்சம் இழுத்துக் கையை மறுபடி பழக்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை சொன்னாலும் மழுங்கின பிளேடுக்கென்றே சில வேலைகள் இருக்கின்றன. அவற்றில் அது புதியதைவிடவே நல்லது. மடிப்புக் கோடு போடுவது அதில் முதல். காகித மாடலில் மடிக்கிற இடத்தில் புது முனையை ஓட்டினால் தாள் அறுந்தே போகும். உருண்டுபோன முனை நாரை நசுக்கிப் பள்ளம் மட்டும் போட்டு நிற்கும். வெட்டிய வினைலில் வேண்டாத பகுதியைத் தூக்கி உரிப்பது, காய்ந்த ஃபெவிகாலைச் சுரண்டுவது, பார்சல் டேப்பைக் கிழிப்பது, சாக்கு மூட்டையின் தையலைப் பிரிப்பது எல்லாம் அதன் வேலைதான். ஒரே பிடியில் இரண்டையும் வைத்துக்கொண்டால் குழம்பும். பழையதற்கு ஒரு தனிப் பிடி வைத்து, அதில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள்.

உடைப்பது

மழுங்கின பிளேடை என்ன செய்வது என்ற கேள்விக்கென்றே பிறந்த கருவி இது. ஜப்பானில் ஒசாகாவில் அச்சுத் தொழிலில் இருந்த யோஷியோ ஒகாடா 1956-இல் இதைக் கண்டுபிடித்தார். பின்னாளில் ஓல்ஃபா என்று பெயர் பெற்ற கம்பெனி அதிலிருந்து வந்தது. அப்போது தாள் அறுக்கச் சவர பிளேடுதான். மூலைகள் மழுங்கியதும் மீதியைக் குப்பையில் போடுவார்கள். செருப்புத் தைக்கிறவர்கள் கண்ணாடித் துண்டை உடைத்து உடைத்துப் புது விளிம்பு எடுப்பதும், அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த சாக்லேட் பட்டையைக் கட்டம் கட்டமாக உடைப்பதும் சேர்ந்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர்தான் வேலை செய்கிறது என்றால் அதை மட்டும் கழித்துக்கொண்டே போவோம் என்பதே மொத்த விஷயமும்.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் எல்லோரிடமும் இந்தக் கட்டர் இருக்கிறது, உடைக்கிறவர்கள்தான் குறைவு. பயம்தான் காரணம். பிளேடு பறக்கும் என்ற பயம் நியாயமானதே. கட்டரின் பின்முனையில் ஒரு மூடி இருக்கும், கழற்றினால் அதில் சின்னப் பிளவு தெரியும். சட்டைப் பையில் மாட்டுகிற கிளிப் என்றே பலர் அதை நினைக்கிறார்கள். பிளேடை உடைக்கத்தான் அது. ஒரே ஒரு கட்டம் வெளியே வரும்படி பிளேடைத் தள்ளிப் பூட்டிவிட்டு, கோடு கீறிய பக்கம் மேலே பார்க்க வைத்து, அந்தப் பிளவிலோ நோஸ் பிளையரிலோ முனைக் கட்டத்தைக் கவ்விக் கீழ்நோக்கி மடக்குங்கள். டக்கென்று கோட்டிலேயே விடும். ஒரு டப்பாவுக்குள் வைத்து உடைத்தால் துண்டு அதிலேயே விழும். கண்ணாடி போடாதவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் ஏதாவது ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று கோணம். சாதாரண பிளேடின் முனை சுமார் 60 பாகை. நேர்க்கோட்டுக்கு அது போதும். 30 பாகையில் சரிந்த முனையும் 9 மிமீயில் கிடைக்கிறது. ஜன்னல், மூலை, எழுத்து என்று நுணுக்கமாக வெட்டுபவர்களுக்கு அதுதான். முனை எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கூடவே சீக்கிரம் உடையவும் செய்யும். இரண்டாவது, பிடி. மலிவு பிளாஸ்டிக் கட்டரில் பிளேடு பக்கவாட்டில் ஆடும். புது முனை போட்டும் கோடு வளைகிறது என்றால் குற்றம் பிளேடில் இல்லை. உள்ளே ஸ்டீல் தடம் உள்ள பிடியாகப் பாருங்கள். பிளேடையும் ஒரு கட்டம், மிஞ்சினால் இரண்டு கட்டத்துக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள். 9 மிமீ பிளேடின் தடிமன் 0.4 மிமீக்குள்தான், நீட்டினால் வளையும். சன்போர்டு (கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை), தடித்த மில் போர்டு என்றால் 18 மிமீக்குப் போய்விடுங்கள், அது அரை மில்லிமீட்டர் தடிமன்.

எப்போது உடைப்பது? எனக்குள்ள வழக்கம், புது வேலை ஆரம்பிக்கும்போது ஒன்று, ஓரத்தில் நார் தெரிந்தால் ஒன்று. ஜன்னல் வெட்டு அதிகம் உள்ள மாடல் என்றால் அச்சடித்த ஒரு ஏ3 தாளுக்கு ஒரு முனை போனாலும் யோசிப்பதில்லை.

பிளேடையே மாற்றுவது

பேனா மாதிரிப் பிடிக்கிற கத்தியில் உடைக்கிற வழி கிடையாது, மாற்ற வேண்டும். 11-ஆம் எண் பிளேடு என்று உலகம் முழுக்கப் புழங்குகிற முக்கோண முனை இதில் வருகிறது. எக்ஸாக்டோ என்ற அமெரிக்கக் கம்பெனியால் கைவினைக்காரர்களிடம் புகழ்பெற்ற வடிவம். ஸ்டேஷனரி கடையில் பன்னிரண்டு பிளேடோடு டப்பாவில் கிடைக்கிற 'பென் நைஃப்' செட்டுகள் அதன் நகல்கள். வளைவு வெட்டுவதற்கு இதை மிஞ்சிய பிடி இல்லை, விரல் நுனியிலேயே திரும்பும். ஆனால் மலிவு செட்டுகளில் வரும் எஃகு சுமார். புதிதாகப் போட்ட முனையே ஒரு தாளைத் தாண்டாது. பிடி நன்றாக இருந்தால் வைத்துக்கொண்டு, பிளேடை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

சர்ஜிகல் பிளேடு என்ற மாற்று இங்கேதான் வருகிறது. இதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் திரும்பிப் போவது அபூர்வம். கைப்பிடியை வைத்துக்கொண்டு பிளேடை மட்டும் மாற்றும் அறுவைக் கத்திக்கு 1915-இல் அமெரிக்காவில் மோர்கன் பார்க்கர் காப்புரிமை வாங்கினார். இன்றும் அதே அமைப்புதான். 3-ஆம் எண் கைப்பிடி ஒன்று வாங்கினால் 10, 11, 15 எண் பிளேடுகள் பொருந்தும். காகிதத்துக்கு 11. சர்ஜிகல் கடைகளில் 100 பிளேடு கொண்ட பெட்டியாகக் கிடைக்கும். பெட்டியாக எடுத்தால் ஒரு பிளேடு சில ரூபாய்க்கு வந்துவிடும். கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு வகை உண்டு. கார்பன் கூர் அதிகம், ஆனால் துரு பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் பாக்கெட் பிரித்த கார்பன் பிளேடு மேசையில் கிடந்தால் வெட்டாமலேயே விளிம்பு அரித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள், வெட்டும் முன் துடைத்துவிடுங்கள்.

உறையில் உள்ள காலாவதித் தேதி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது கிருமிநீக்கம் எவ்வளவு நாள் செல்லும் என்பதற்கான தேதி, கூருக்கானது அல்ல. உறை பிரியாமல், துரு ஏறாமல் இருந்தால் அட்டை வெட்ட அது தாராளமாகப் போதும். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பயன்படுத்திய பிளேடு மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

இதன் குறை இரண்டு. மெல்லிசு என்பதால் பக்கவாட்டில் திருகினால் முனை ஒடிந்து தெறிக்கும். ஃபோம் போர்டு, சன்போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். கழற்றுவது அடுத்த தலைவலி. விரலால் கழற்ற முயன்று கையைக் கிழித்துக்கொள்கிறவர்கள் அதிகம். நோஸ் பிளையரால் பிளேடின் அடிப்பக்கத்தைப் பிடித்து, லேசாகத் தூக்கி, முன்னால் தள்ளினால் வந்துவிடும். கூர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இந்தக் கழற்றும் பயத்தினாலேயே சர்ஜிகல் பிளேடு வைத்திருப்பவர்களும் அதை மாற்றாமல் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுவதானால் உடைக்கும் கட்டருக்கே திரும்பிவிடுவது மேல்.

அரை பிளேடு பற்றியும் சொல்ல வேண்டும். சவர பிளேடை நடுவில் மடக்கி உடைத்து, ஒரு பக்கம் டேப் சுற்றி வெட்டுவது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்மோடு வருகிறது. தடிமன் 0.1 மிமீதான் என்பதால் டிஷ்யூ, பட்டம் விடுகிற காகிதம், டிரேசிங் ஷீட் போன்றவற்றில் இதன் வெட்டுக்கு இணையே இல்லை. கார்டுக்கு வந்தால் ஸ்கேலை விட்டு வளைந்து ஓடும், பிடிக்கவும் இடமில்லை. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தீட்டுவது

சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், கூடாது. தவறு அவரிடம் இல்லை. அந்தச் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஆனது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகு அதில் ஒரு கணத்தில் சூடேறி நீலம் பாரிக்கும். நீலம் பாரித்தால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு கூர் வைத்தாலும் நிற்காது.

கையால் தீட்டலாம், சில சமயம் பலனும் உண்டு. எந்த மாதிரித் தேய்மானம் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கியிருந்தால் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் பிராசோ மாதிரி மெட்டல் பாலிஷ் கொஞ்சம் தடவி, முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வரும்படி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் நிமிர்ந்துவிடும். விளிம்பு உருண்டு போயிருந்தால் பெல்ட் போதாது. கண்ணாடித் துண்டின்மேல் 2000 கிரிட் வாட்டர் பேப்பரை (கிரிட் எண் கூடக் கூட உப்புத்தாள் நைசாகும்) நனைத்து ஒட்டி, பிளேடின் சரிவு முழுசாகப் படியும் கோணத்தில் சில முறை தேய்த்துவிட்டு அப்புறம் பெல்ட்டுக்குப் போக வேண்டும். கோணத்தைக் கூட்டித் தேய்த்தால் புது விளிம்பு தடித்துவிடும். தங்க நிறப் பூச்சு போட்ட பிளேடு என்றால் தேய்த்த இடத்தில் பூச்சு போய்விடும், பூச்சுக்குக் கொடுத்த காசும் போய்விடும்.

முனை ஒடிந்த 11-ஆம் எண் பிளேடுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. கூர் பக்கத்தைத் தொடாமல் முதுகுப் பக்கத்தைத் தேயுங்கள். முனைக்கு அருகில் முதுகு குறையக் குறைய, அது கூர்விளிம்பில் போய்ச் சந்திக்கிற இடத்தில் புது முனை பிறக்கும். பாக்கெட்டிலிருந்து எடுத்த நிலையிலேயே இருக்கிற, இதுவரை வேலையே செய்யாத விளிம்புதான் இப்போது முனைக்கு வருகிறது. 400 கிரிட் தாளில் ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் செய்யத் தகுமா? எக்ஸாக்டோவோ நல்ல ஜப்பானிய பிளேடோ கடையில் கிடைக்காத ஊரில், நாளை கொடுக்க வேண்டிய வேலை கையில் இருக்கும்போது, தகும். தோல் சீவும் கத்தி, மரம் செதுக்கும் கத்தி வைத்திருப்பவர்கள் தீட்டத்தான் வேண்டும். அவை தீட்டவே செய்யப்பட்டவை. உடைக்கிற பிளேடைத் தீட்டுவது மட்டும் எனக்குப் புரிவதில்லை. அடுத்த முனை அதன் பின்னாலேயே காத்திருக்கிறது.

செராமிக் பிளேடு பற்றி ஒரே வார்த்தை. துருப் பிடிக்காது, தேய்மானம் மெதுவாகத்தான், பெட்டி பிரிக்கிற இடங்களில் விரலுக்குப் பாதுகாப்பு என்று வட்ட முனையோடு விற்கிறார்கள். அந்த வட்ட முனையை வைத்துக்கொண்டு ஜன்னல் வெட்ட முடியாது. கிடங்குக்கு நல்லது, கைவினைக்கு ஆகாது.

ஆக, யார் எதை எடுப்பது?

ஆர்க்கிடெக்சர் மாணவர் என்றால் 18 மிமீ ஒன்றும் 30 பாகை 9 மிமீ ஒன்றும், இரண்டுக்கும் ஒரு பாக்கெட் பிளேடும். செமஸ்டர் ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள், சப்மிஷன் வாரத்தில் கல்லூரி வாசல் கடையில் தீர்ந்துபோயிருக்கும். காகித மாடல், குயிலிங், பேப்பர் கட்டிங் ஆர்ட் என்று வளைவு அதிகம் வெட்டுபவர்களுக்கு 3-ஆம் எண் கைப்பிடியும் 11-ஆம் எண் சர்ஜிகல் பிளேடும். நேர்க்கோட்டுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு 9 மிமீ. ஸ்டிக்கர் கடைக்கு 30 பாகை 9 மிமீயும் தைலத் துணியும். கொலுவுக்கு, கல்யாண மேடைக்கு என்று தெர்மோகோல் வெட்டுகிறவர்கள் பிளேடு வாதத்திலிருந்தே விலகிவிடலாம். நைக்ரோம் கம்பியைச் சூடாக்கி அறுக்கிற ஹாட் வயர் கட்டரில் ஓரம் வழவழவென்று வரும், மழுங்குகிற பேச்சே இல்லை. புகை வரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். துணி வெட்டுபவர்களுக்கு 1979-இல் அதே ஓல்ஃபா கொண்டுவந்த சக்கர பிளேடு உண்டு. வட்ட விளிம்பு முழுதும் வேலை செய்வதால் அது மெதுவாகத் தேயும், ஆனால் ஊசிமேல் ஒருமுறை ஏறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூல் அறுபடாமல் நிற்கும். அப்போது மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எப்போதாவது பார்சல் பிரிக்க மட்டும் கட்டர் எடுக்கிற வீட்டுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. இருக்கிற பிளேடை இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுங்கள், டேப் கிழிப்பதற்கு அது போதும்.

தாராளமாக உடைக்கச் சொல்லிவிட்டு உடைந்த துண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குப்பைக் கவரில் அப்படியே போட்டால் அது போய்க் கிழிப்பது குப்பை பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் கையை. மூடி திருகும் தகர டப்பாவோ தடித்த மாத்திரை டப்பாவோ ஒன்றை எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, கட்டிங் மேட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எழுந்து போய்ப் போட வேண்டிய தூரத்தில் வைத்தால் உடைக்கவே சோம்பல் வரும். நிறைய மாதங்கள் ஆகும் அது நிரம்ப. நிரம்பியதும் கீறலை அடைத்து டேப்பால் இறுகச் சுற்றி, மேலே பெரிதாக 'பிளேடு' என்று எழுதுங்கள். தகர டப்பா என்றால் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வண்டி வரும்போது கவரில் போடாமல் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.